“முட்டை இருக்கிறதா, ஸார்?”

முட்டை என்பது உபாத்தியாயர்களுக்கு மிகவும் பழக்கமான வஸ்து. இருபது வருஷ உத்தியோகத்தில் பிள்ளைகளின் விடைத்தாள்களில் நாம் போட்ட முட்டைகளை எல்லாம் ஒன்றுசேர்த்தால் நாமக்கல்லுக்கே ஏற்றுமதி செய்யலாம். போடுவது வெகு சுலபம். சிவப்பு மைப் பேனாவை ஒரு சுழற்றுச் சுழற்றினால் போதும். அதன் கனம் வாங்குகிறவனுக்குத்தான் தெரியும். நமக்கு அது தெரிய வந்தது சென்ற வருஷத்தில், நாற்பத்தைந்தாவது வயதில், மாமல்லபுரத்துக் கடற்கரையில். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் நம்மை ஒரு கேள்வி கேட்டான். நாம் தப்பு விடை சொன்னோம். அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. இடையில் முட்டையில்லாமல் கேக் செய்யும் விதமும் வருகிறபடியால், சமையலறைப் பொறுப்புள்ள நேயர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறோம்.

நாம் குடியிருப்பது செங்கற்பட்டில், கொளவாய் ஏரிக் காற்று வீசும் பக்கத்தில். வேலை பார்ப்பதோ மாமல்லபுரத்தை அடுத்த கடலோரப் பள்ளிக்கூடம் ஒன்றில். இடையே சுமார் 30 கிலோ மீட்டர் தூரம். தினந்தோறும் காலையில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றத்து மலைக்கு ஜன்னல் வழியாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவோம். சாயங்காலம் அதே மலைக்கு மறு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்புவோம். கலாசாலையில் இரசாயனம் படித்துப் பட்டம் வாங்கிய பாவத்துக்காக விஞ்ஞானப் பாடம் நம் தலையில் கட்டப்பட்டிருக்கிறது.

மத்தியான வேளையில் பிள்ளைகள் வரிசையாய் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்ப்பது நமக்கு நித்திய ஆனந்தம். 1982-இல் முதலமைச்சர் எம். ஜி. ஆர். ஆரம்பித்த சத்துணவுத் திட்டத்தில், 1989-இல் மு. கருணாநிதியின் ஆட்சிக் காலத்தில் முட்டை சேர்ந்தது. முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக இருந்தது, படிப்படியாக வளர்ந்து, இப்போது பள்ளி நடக்கும் நாளெல்லாம் தட்டுக்கு ஒன்றாக வந்துவிடுகிறது. முட்டை உண்ணாத பிள்ளைகளுக்கு அதற்குப் பதிலாக வாழைப்பழம். நம் வகுப்பில் அப்படி வாழைப்பழம் வாங்குகிறவன் ஒரே ஒரு பையன்தான். ‘வாழைப்பழம்’ என்றே மற்றப் பிள்ளைகள் அவனுக்குப் பெயரும் வைத்திருந்தார்கள். குலத்து வழக்கமாயிருக்கும், அல்லது ஏதேனும் வேண்டுதலாயிருக்கும் என்று நாம் எண்ணிக் கொண்டிருந்தோம். “ஏனப்பா நீ முட்டை சாப்பிடுவதில்லை?” என்று ஒரு நாளாவது கேட்டோமா? கேட்கவில்லை.

தை மாதத்தில் ஓட்டப் பந்தயத்தில் நம் வகுப்பு ஜெயித்தது. பரிசாகப் பிள்ளைகளை மாமல்லபுரத்துக்கு அழைத்துச் சென்றோம். ஐந்து ரதங்களையும், அர்ச்சுனன் தபசையும், உருண்டு விழப்போகிறாற்போல் நூற்றாண்டு நூற்றாண்டாகப் பயமுறுத்திக் கொண்டே இருக்கும் வெண்ணெய் உருண்டைக் கல்லையும் பார்த்தாயிற்று. பிறகு கடலோரத்தில் சவுக்கு மரத்து நிழலில் உட்கார்ந்து, முதல் நாள் மாலை ஒரு கடையில் வாங்கி வைத்திருந்த கேக்கை அறுத்து விநியோகித்தோம்.

அந்தப் பையன் தன் பங்கைக் கையில் வைத்துக்கொண்டு, “ஸார், இதில் முட்டை இருக்கிறதா?” என்று கேட்டான்.

“இல்லையப்பா, தைரியமாய்ச் சாப்பிடு” என்றோம்.

நமக்கு எப்படித் தெரியும்? “முட்டை இல்லாததுதானே?” என்று கடையில் கேட்டது வாஸ்தவம். அங்கிருந்தவர் யாருடனோ டெலிபோனில் பேசிக்கொண்டே தலையை அசைத்தார். நம் நாட்டில் தலையசைப்புக்கு ‘ஆம்’ என்றும் பொருள், ‘இல்லை’ என்றும் பொருள், ‘தொந்தரவு செய்யாதே’ என்றும் பொருள். நாம் நமக்குச் சௌகரியமான பொருளை எடுத்துக்கொண்டோம்.

பத்து நிமிஷத்தில் பையனுடைய உதடுகள் வீங்கின. கழுத்திலும் கைகளிலும் சிவந்த தடிப்புக்கள் எழும்பின. பிறகு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஆட்டோவில் அவனை மடிமீது சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன அந்தச் சிறிது தூரம் இன்றைக்கும் நம் சொப்பனத்தில் வருகிறது. டாக்டர் பார்த்த மாத்திரத்தில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார். சற்று நேரத்தில் மூச்சு சீர்ப்பட்டது. “முட்டையிலுள்ள புரதத்தை இந்தப் பையனுடைய உடம்பு பகையாக நினைக்கிறது. அநேகம் குழந்தைகளுக்கு வயது ஏற ஏற இது போய்விடும், சிலருக்குப் போகாது. நன்றாக வெந்த முட்டை சிலருக்குச் செரிக்கும். சிலருக்கு அதுவும் ஆகாது. வெள்ளைக் கருவில் இருக்கும் ஒரு புரதம் அடுப்புச் சூட்டுக்கும் அசைந்து கொடுப்பதில்லை. ஆகையால் வீட்டில் பரீட்சை செய்து பார்க்கக் கூடாது” என்று அவர் விளக்கினார். அன்றிரவு பையனை அங்கேயே வைத்திருந்து, மறுநாள் காலையில் அனுப்பினார்கள்.

பையனுடைய தாத்தா வந்து சேர்ந்தார். கொத்து வேலையில் ஐம்பது வருஷம் பழகிய கிழவர். நாம் வசவுக்குத் தயாராக நின்றோம். அவர் வையவில்லை. பேரனுடைய நெற்றியைத் தடவிப் பார்த்துவிட்டு, “‘தெரியாது’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, வாத்தியாரய்யா? பையன் சாப்பிடாமல் இருந்திருப்பான். அவனுக்கு அது பழக்கந்தான்” என்றார்.

அதைவிட நாலு வசவு எவ்வளவோ தேவலை.

*

மறு வாரம் வீட்டில் ஒரு பிரதிக்ஞை செய்தோம். அந்தப் பையன் பயமில்லாமல் சாப்பிடக்கூடிய ஒரு கேக்கை நம் கையாலேயே செய்து, அதில் என்னென்ன இருக்கிறதென்று நமக்கே நிச்சயமாய்த் தெரிந்த பிறகு அவன் முன்னால் வைக்க வேண்டும் என்பதுதான் அது. நம் இல்லத்தரசி, “காப்பி போடத் தெரியாதவர் கேக் போடப் போகிறாராக்கும்!” என்று சொல்லி ஆசீர்வதித்தாள்.

நம் வீட்டில் கேக் அடுப்பு கிடையாது. பழைய குக்கரின் அடியில் கல்லுப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு வளையத்தை வைத்து, மூடியிலுள்ள ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் எடுத்துவிட்டால் அதுவே அடுப்பு. முதல் நாள், முட்டையை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் சமையல் புத்தகத்தில் கண்டபடி சேர்த்தோம். வெளியே வந்தது வெண்ணெய் உருண்டைக் கல்லுக்குத் தம்பி முறை. இரண்டாம் நாள், உப்பட்டும் என்று ஆப்ப சோடாவைத் தாராளமாய்ப் போட்டோம். உப்பியது, ஆனால் வாயில் வைத்தபோது சவுக்காரத்துக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. மூன்றாம் நாள் நமக்கு ஒரு சுதேசி யோசனை உதித்தது. உளுந்தை நீர் தெளித்து ஆட்ட ஆட்ட, மாவு காற்றைப் பிடித்துக்கொண்டு பஞ்சுபோல் பொங்குகிறதே! ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்கிறதே! முட்டையின் வெள்ளைக் கருவை அடித்து நுரை எழுப்புகிறவர்கள் செய்வதும் அதேதானே? உளுந்து மாவைச் சேர்த்தோம். கேக் நன்றாகவே எழும்பியது. ஆனால் வெனிலா வாசனையுடன் கூடிய இனிப்பு மெதுவடையை வீட்டில் ஒருவரும் தொடவில்லை.

பையனுடைய உடம்பு எப்படியிருக்கிறது என்று பார்க்கப் போன இடத்தில், இந்த அவஸ்தையைத் தாத்தாவிடம் சொன்னோம். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்:

“எங்கள் தொழிலிலும் முட்டை உண்டு, வாத்தியாரய்யா. சிப்பிச் சுண்ணாம்பை அரைத்துக் கடைசிப் பூச்சுப் பூசும்போது வெள்ளைக் கருவைச் சேர்ப்போம். அது மெருகுக்கு. உள்ளே இருக்கிற காரைக்குப் பிடிப்புக் கொடுப்பது கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும். எந்த வேலைக்கு எது என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். உங்கள் பலகாரத்தில் முட்டைக்கு என்ன வேலை?”

பட்டம் பெற்ற நமக்குத் தோன்றாத கேள்வி அது. பஸ்ஸில் திரும்பும்போதே காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டோம். ஓடு நீக்கிய கோழி முட்டை ஏறக்குறைய 50 கிராம். அதில் முக்கால் பங்கு தண்ணீர். மீதியில் பெரும்பகுதி புரதமும் கொழுப்பும். அந்தத் தண்ணீர் கேக்குக்கு ஈரம் கொடுக்கிறது. வெள்ளைக் கரு சுமார் 62 டிகிரிச் சூட்டிலேயே உறையத் தொடங்கி, கட்டடத்துக்குத் தூண்போல் நின்று தாங்குகிறது. அடித்தால் காற்றைச் சிறைப்பிடிக்கிறது. மஞ்சள் கருவிலுள்ள லெசிதின் என்ற பொருள் எண்ணெயையும் தண்ணீரையும் சண்டையில்லாமல் சேர்த்து வைக்கிறது. ஆக, ஈரம், தாங்கல், காற்று, சமரசம் என்று நாலு உத்தியோகங்களை முட்டை ஒருவரே பார்த்து வருகிறார். அவர் லீவு எடுத்துக்கொண்டால், நாலு வேலைக்கும் தனித்தனியாக ஆள் தேட வேண்டும். ஒரு கேக்குக்கு எந்த வேலை முக்கியம் என்று தெரிந்தால், எந்த ஆளைக் கூப்பிடலாம் என்பதும் தெரிந்துவிடும்.

இந்தத் துறையில் நமக்கு முன்னோடி ஒருவர் உண்டு. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்தில் மருந்துக் கடை வைத்திருந்த ஆல்ஃப்ரெட் பேர்ட் என்பவருடைய மனைவிக்கு முட்டை ஆகாது. ஆனால் அந்த அம்மாளுக்குக் கஸ்டர்டு என்றால் ஆசை. முட்டையில்லாமல் கஸ்டர்டு ஏது? மனிதர் யோசித்து, 1837-இல், மக்காச்சோள மாவைக் கொண்டே பால் கெட்டியாகும்படி ஒரு பொடி செய்தார். இன்று நம் ஊர் மளிகைக் கடைகளில் விற்கும் கஸ்டர்டு பவுடரெல்லாம் அதன் வம்சந்தான். அந்த அம்மாளுக்கு ரொட்டியில் சேரும் ஈஸ்ட்டும் ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்காக, 1843-இல் பேக்கிங் பவுடரையும் செய்தார். உலகத்துச் சமையலறைகளில் பாதியை மாற்றிய இரண்டு பொடிகளும், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியாத ஒருத்திக்காகப் பிறந்தவை. இதை நம் இல்லத்தரசியிடம் சொன்னபோது, “அவர் மருந்துக் கடைக்காரர், அளந்து போடத் தெரிந்தவர்” என்று பதில் வந்தது. அன்று முதல் நாமும் அளந்து போட ஆரம்பித்தோம்.

ஒவ்வோர் ஆளாகக் கூப்பிட்டுப் பார்த்தோம். நன்றாகக் கனிந்து மசித்த வாழைப்பழம் கால் கப், ஒரு முட்டைக்குச் சமம். சத்துணவுக் கூடத்துக் கணக்கு சமையலறையிலும் செல்லுபடியானதில் நமக்குப் பரம சந்தோஷம். ஈரமும் பிடிப்பும் நன்றாகவே கிடைத்தன. ஆனால் வாழைப்பழம் தன் வாசனையை எங்கேயும் ஒளித்துவைப்பதில்லை. வாழைப்பழக் கேக் என்று பெயர் வைத்துவிட்டால் தோஷமில்லை.

அடுத்தது ஆளிவிதை. அதன் பொடி ஒரு மேஜைக்கரண்டியை மூன்று மேஜைக்கரண்டித் தண்ணீரில் கலக்கிப் பத்து நிமிஷம் வைத்தால், வெண்டைக்காய்போல் வழுவழுவென்று ஆகிவிடும். பிஸ்கோத்துக்கும், கோதுமை மாவுக் கேக்குக்கும் அது ஒரு முட்டையின் பிடிப்பைத் தரும். காற்றைப் பிடிக்கும் சாமர்த்தியம் அதற்குக் கிடையாது. நிறமும் சற்றுக் கறுக்கும்.

காற்றைப் பிடிப்பதில் கெட்டிக்காரர் யார் தெரியுமோ? நவராத்திரியில் நாம் தினமும் சாக்கடையில் கொட்டுகிற கொண்டைக்கடலை வெந்த தண்ணீர்! 2014-இல் பிரான்ஸ் தேசத்துப் பாடகர் ழோயல் ரோசெல் என்பவர், அந்தத் தண்ணீரை அடித்தால் வெள்ளைக் கருவைப்போல் நுரைக்கிறதென்று கண்டு உலகத்துக்குச் சொன்னார். மறு வருஷம் அமெரிக்கரான கூஸ் வோல்ட் என்பவர், அந்தத் தண்ணீரும் சர்க்கரையும் தவிர வேறொன்றும் வேண்டாம் என்று காட்டினார். நாமும் சோதித்தோம். உப்புப் போடாமல் வேகவைத்து, நீரை வடிகட்டி, வெள்ளைக் கருவின் பதத்துக்குச் சுண்டக் காய்ச்சி, ஆறவைத்து, சர்க்கரை சேர்த்துப் பத்து நிமிஷம் மின்சாரக் கடைசலில் அடித்தோம். பாத்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் நுரை விழவில்லை. ஒரு முட்டைக்கு மூன்று மேஜைக்கரண்டி என்பது கணக்கு. மாமல்லபுரத்துக் கடற்கரையில் சுண்டல் விற்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம், இவர்கள் இதன் தண்ணீரை என்ன செய்கிறார்களோ என்று இப்போது நம் மனம் அடித்துக்கொள்கிறது.

ஆனால் கடைசியில் ஜெயித்தவர் மிகவும் சாதாரணமானவர். நம் வீட்டு உறியிலேயே இருந்தவர். அவர்தான் தயிர். தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்தால் கரியமிலவாயு கிளம்பும். அதுவே கேக்கை எழுப்பிவிடும். அளவோடு போட்ட சோடாவைப் புளிப்பு தீர்த்துவிடுவதால் சவுக்கார ருசியும் இராது. தயிரின் ஈரம் முட்டைத் தண்ணீருக்கு ஈடு. அதன் புரதம் தாங்கலுக்கும் ஓரளவு உதவும்.

செய்முறை இது. ஒரு கப் கெட்டித் தயிரில் முக்கால் கப் சர்க்கரையைப் போட்டுக் கரையும் வரை கலக்க வேண்டும். அதில் ஒன்றேகால் தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் அரைத் தேக்கரண்டி ஆப்ப சோடாவும் சேர்த்து ஐந்து நிமிஷம் சும்மா வைத்தால், மேலே குமிழிகள் பூக்கும். பிறகு வாசனையில்லாத எண்ணெய் அரைக் கப்பும், வெனிலா ஒரு தேக்கரண்டியும் விட்டு, ஒன்றரைக் கப் மைதாவைச் சலித்துக் கொஞ்சங்கொஞ்சமாய்ச் சேர்க்க வேண்டும். கட்டியில்லாமல் கலந்தால் போதும். பூரி மாவென்று நினைத்து இடிக்கக் கூடாது. எண்ணெய் தடவிய பாத்திரத்தில் ஊற்றி, பத்து நிமிஷம் முன்னதாகவே சூடேற்றிய குக்கரில் வைத்துச் சிறு தீயில் 35 முதல் 45 நிமிஷம் விடவேண்டும். ஈர்க்குச்சியைக் குத்தி எடுத்தால் மாவு ஒட்டாமல் வரவேண்டும். கலந்தவுடன் அடுப்பில் ஏற்றிவிடுவது முக்கியம். காத்திருந்தால் வாயு பறந்துவிடும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம்: ஐந்தாறு முட்டை அடித்துச் செய்யும் பஞ்சுக் கேக்குக்கு இந்தத் தயிர் ஈடு கொடுக்காது. ஒன்றிரண்டு முட்டை கேட்கும் கேக்குக்கு நன்றாய்க் கொடுக்கும்.

கேக் ஆறிக்கொண்டிருந்தபோது நம் தாயார் மெல்ல வந்து, “இதிலே அது கிடையாதா, அப்பா?” என்று கேட்டாள். இல்லை என்றதும், “அப்படியானால் ஒரு துண்டு கொடு” என்றாள். இந்த வீட்டில் பதினெட்டு வருஷமாகக் குழந்தைகளின் பிறந்த நாள்தோறும் கேக் வாங்கியிருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் தாயார் தள்ளி உட்கார்ந்து கை தட்டிவிட்டு, பிறகு உள்ளே போய் ஒரு வாய் மோர் குடித்துவிட்டு வருவாள். அவளுக்குக் கேக் பிடிக்காது என்று நாம் நினைத்திருந்தோம். பள்ளிக்கூடத்தில் ஒரு பையனைக் கேட்காமல் இருந்ததுபோலவே, வீட்டிலும் கேட்காமல் இருந்திருக்கிறோம்.

தாயாருக்கும் பையனுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு என்பதும் அப்போதுதான் மனத்தில் பட்டது. ஒருவர் விரதத்துக்காக விலக்குகிறார். ஒருவன் உயிருக்காக விலக்குகிறான். நம் தேசத்தில் பெட்டியில் அடைத்து விற்கும் பண்டங்களில், முட்டை சேர்ந்ததற்குப் பழுப்பு அடையாளமும் சைவப் பண்டத்துக்குப் பச்சைப் புள்ளியும் போடுகிறார்கள். 2020-ஆம் வருஷத்து விதிகள் பழுப்பு வட்டத்தை முக்கோணமாக்கியதோடு, ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களில் ஒன்றாக முட்டையையும் பெட்டியின் மேல் சொல்லவேண்டுமென்று வைத்தன. ஆனால் அறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் கேக்குக்கு ஏது முக்கோணம்? அங்கே மனிதருடைய வார்த்தைதான் அடையாளம். அது மட்டுமல்ல. முட்டைக் கேக் செய்த அதே பாத்திரம், அதே கரண்டி, அதே கத்தி இருந்தால், பையனுக்கு அந்த மிச்சமே போதும், ஆபத்து. ஆகையால் நம் பரிசோதனைக்குப் புதிதாக ஒரு பாத்திரமும் கரண்டியும் வாங்கி, அவற்றின் பிடியில் சிவப்பு நூல் கட்டி, முட்டை படாமல் தனி அலமாரியில் வைத்தோம்.

ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கேக்கை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினோம். திருக்கழுக்குன்றத்து மலைக்கு அன்று கும்பிடு போட முடியவில்லை. இரண்டு கையும் பாத்திரத்தின்மேல் இருந்தன. முந்தின நாளே பையனுடைய தாயாரிடம் போய், சேர்த்த பொருள்களின் ஜாபிதாவைக் காட்டிச் சம்மதம் வாங்கியிருந்தோம். பால், தயிர், மைதா எல்லாம் அவனுக்கு ஒத்துக்கொள்ளும் என்று அந்த அம்மாள் ஒவ்வொன்றாய் விரல் வைத்துப் படித்துப் பார்த்துச் சொன்னாள். அந்த ஜாபிதாவையே பாத்திரத்து மூடியில் ஒட்டியிருந்தோம்.

இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் அந்தப் பையன் வந்தான். கேக்கைப் பார்த்தான். நம்மைப் பார்த்தான். ஆறு மாதத்துக்கு முன் கேட்ட அதே கேள்வியைக் கேட்டான்.

“முட்டை இருக்கிறதா, ஸார்?”

“இல்லை. நாமே செய்தது. முட்டை படாத பாத்திரம், முட்டை படாத கரண்டி. மூடியிலே எழுதியிருக்கிறது, படித்துப் பார். சந்தேகமாயிருந்தால் சாப்பிட வேண்டாம், நமக்கு ஒன்றும் வருத்தமில்லை” என்றோம்.

அவன் அவசரப்படவில்லை. மூடியிலிருந்ததை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரையில் வாய்விட்டுப் படித்தான். வகுப்பு முழுவதும் காத்திருந்தது. பிறகு ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். நாம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். பத்து நிமிஷம் ஆயிற்று; கால் மணி ஆயிற்று; அரை மணி ஆயிற்று. பையன் இரண்டாவது துண்டு கேட்டான்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு போக்கிரி எழுந்து, “ஸார்! கேக்கிலே முட்டை இல்லை, சரி. என் விஞ்ஞானத் தாளிலே இருக்கிறதே, அதற்குப் பதிலாக ஏதாவது போடக்கூடாதா?” என்று கேட்டான்.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறோம்.